தியாகமும் நிலமும்: ‘சார் சாஹிப்சாதே’ திரைப்படமும் சீக்கிய வரலாற்றின் சமூக அடிப்படையும்

1

வரலாற்றுத் திரைப்படம் ஒன்றை மதிப்பிடும்போது, அதிற் காட்டப்படும் நிகழ்ச்சிகள் ஆவணச் சான்றுகளுடன் பொருந்துகின்றனவா என்னும் வினாவே பெரும்பாலும் முதலில் எழுப்பப்படுகின்றது. அவ்வினா தேவையானதே, ஆயினும் போதுமானதன்று. நிகழ்ச்சிகள் யாவும் மரபுக்கு இயைந்தனவாக இருக்க, அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் சமூகக் காரணங்கள் மாத்திரம் பார்வைக்கு அப்பால் நிறுத்தப்படுதல் கூடும். அவ்வாறாயின் நாம் காண்பது வரலாற்றின் தோற்றத்தையேயன்றி வரலாற்றையன்று. பஞ்சாபித் திரைப்படமாகிய ‘சார் சாஹிப்சாதே’ இத்தகைய ஆய்வுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

ஹரி பவேஜா இயக்கிய இப்படம் 2014ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி, குரு நானக்கின் பிறந்தநாளையொட்டி வெளியாயிற்று. முப்பரிமாண அசைவுச் சித்திரமாக அமைந்த இது, பஞ்சாபியோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. நடிகர் ஓம் புரியின் குரல் கதையை எடுத்துரைக்கின்றது. சீக்கியரின் பத்தாவது குருவாகிய கோவிந்த் சிங்கின் மைந்தர் நால்வரின் மரணமே படத்தின் பொருள். மூத்தோராகிய அஜித் சிங், ஜுஜார் சிங் ஆகிய இருவரும் சம்கௌர்ப் போரில் வீழ்ந்தனர். இளையோராகிய சோராவர் சிங், பத்தே சிங் ஆகிய இருவரும் சிர்ஹிந்து ஆளுநன் வசீர்கானாற் கொல்லப்பட்டனர். இந்நிகழ்ச்சிகள் 1704ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தனவென மரபு கூறும். 1705 எனக் கொள்வாருமுளர். இளையோர் இருவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்பதும் ஆறுமாகும்.

பஞ்சாபின் சீக்கியக் குடும்பம் ஒவ்வொன்றும் அறிந்த கதை இது. ஆண்டுதோறும் டிசம்பரில் பத்தேகட் சாஹிப்பிற் கூடும் பெருந்திரள் இதனையே நினைவுகூர்கின்றது. ஆதலால் இப்படம் புதிய கதை எதனையும் மக்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. மக்கள் நெஞ்சில் ஏலவே நிலைபெற்றிருந்த கதையைத் திரைக்குக் கொணர்ந்தது. அங்ஙனம் கொணர்ந்தபோது எவற்றைத் தக்கவைத்துக் கொண்டது, எவற்றைக் கைவிட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

2

முதலிற் படத்தின் வடிவத்தை நோக்குதல் வேண்டும். சீக்கிய குருமாரை நடிகர் எவரும் ஏற்று நடித்தல் தகாதென்பது சீக்கிய சமூகத்தில் வலுவாக நிலவும் கருத்தாகும். இதன் வலிமையைப் பின்னர் ‘நானக் ஷா பக்கீர்’ என்னும் படத்துக்கு நேர்ந்த எதிர்ப்பு நன்கு புலப்படுத்திற்று. 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு மீளப்பெறப்பட்ட அப்படத்தை 2018ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிட முயன்றபோது, உச்ச நீதிமன்றம் அனுமதித்த போதிலும், அதன் தயாரிப்பாளர் அகால் தக்த் பீடத்தினாற் சமயத்தினின்றும் விலக்கிவைக்கப்பட்டார்.

இத்தடையைப் பஞ்சாபித் திரையுலகு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாக எதிர்கொண்டுள்ளது. குரு நானக்கின் ஐந்நூறாவது பிறந்த ஆண்டாகிய 1969இல் வெளிவந்து பெருவெற்றி கண்ட ‘நானக் நாம் ஜஹாஸ் ஹை’ என்னும் படம், வரலாற்றையே தவிர்த்துச் சமகாலக் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறிற்று. அங்கு குரு தோன்றுவதில்லை. அவர்தம் அருள் மாத்திரம் தோன்றுகின்றது. பார்வை இழந்த பாத்திரம் அமிர்தசரஸ் பொற்கோயிலில் மீண்டும் கண்பெறுவது அக்கதையின் உச்சமாகும். 2023இல் வெளிவந்த ‘மஸ்தானே’ 1739ஆம் ஆண்டின் நாதிர் ஷா படையெடுப்பைக் களமாகக் கொண்டு, குருமார் காலத்திற்குப் பிற்பட்ட சீக்கிய வீரரைப் பேசுபொருளாக்கிற்று.

‘சார் சாஹிப்சாதே’ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு வழியைத் தெரிந்துகொண்டது. கதை குருவின் காலத்தது, குருவின் இல்லத்தது. ஆயின் குரு அசைவதில்லை. ஓவியங்களிற் காணும் நிலைத்த உருவாகவே அவர் காட்டப்படுகின்றார். மைந்தர் மாத்திரமே அசைவுச் சித்திரமாக உயிர்பெறுகின்றனர். பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தோரின் பெயர்கள்கூட மதிப்புக் கருதி வெளியிடப்படவில்லை. புகழ்பெற்ற நடிகனொருவனின் முகம் புனிதரின் முகத்தை மறைத்துவிடும் என்னும் அச்சம் இதனால் நீங்கிற்று.

இது வெறும் தொழில்நுட்பத் தீர்வன்று. இவ்வடிவம் கதையின் பொருளையும் நிருணயித்துவிடுகின்றது என்பது மனங்கொளத்தக்கது. குரு அசையாத உருவாக நிற்கும்போது அவர் மேற்கொண்ட அரசியற் செயல்களும் அசைவற்றனவாகின்றன. மலைநாட்டு அரசரோடு அவர் நடத்திய பேச்சுகள், கால்சாவை அமைத்த முறை, வரி திரட்டும் இடையாளரை நீக்கிய முடிவு, பேரரசருக்கு எழுதிய மடல் ஆகியன யாவும் ஒரு தலைவன் குறித்த சூழலிற் சிந்தித்து எடுத்த முடிவுகள். அவை பின்னணிக்குச் செல்ல, முன்னணியில் எஞ்சுவது குழந்தைகளின் உறுதியும் கொடியோனின் கொடுமையுமாகும். ஆறு வயதுக் குழந்தையைக் கொல்வதற்கு நியாயம் எதுவும் இருத்தல் இயலாது. எனவே காண்போர் மனத்தில் ‘ஏன்’ என்னும் வினா எழுவதற்கு இடமில்லை, கண்ணீருக்கே இடமுண்டு. அக்கண்ணீர் பொய்யானதன்று. எனினும் வரலாற்றாய்வாளன் அக்கண்ணீரோடு நின்றுவிடுதல் ஆகாது.

3

அவ்வாறாயின் ஆனந்தபூர் ஏன் முற்றுகையிடப்பட்டது?

குரு நானக் தொடக்கம் கோவிந்த் சிங் ஈறாகக் குருமார் பதின்மரும் கத்ரி குலத்தவர். வாணிகத்தையும் எழுத்துத் தொழிலையும் அரச உத்தியோகத்தையும் சார்ந்த குலம் அது. சமயத்தின் தொடக்ககாலத் தலைமையும் பெரும்பாலும் அக்குலத்தவரிடமே இருந்தது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறுகின்றது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட ‘தபிஸ்தான்’ என்னும் சமயநூல், குருவின் பிரதிநிதிகளாகிய மசந்துகளுட் பெரும்பாலார் ஜாட் குலத்தவரென்றும், கத்ரிகள் அவர்களுக்குக் கீழ்ப்படுத்தப்பட்டனரென்றும் வியப்புடன் குறிப்பிடுகின்றது. ஜாட் மக்கள் முற்காலத்திற் சிந்துப் பகுதியில் மேய்ச்சல் வாழ்க்கை நடத்தியவர்கள்; நூற்றாண்டுகள் பலவற்றினூடாகப் பஞ்சாபில் உழவராக நிலைத்தவர்கள். கிணற்றுநீரை இறைக்கும் பாரசீகச் சக்கரத்தின் பரவலோடு இம்மாற்றத்தைத் தொடர்புபடுத்தி, இந்திய மார்க்சிய வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப் ஆராய்ந்துள்ளார். உழவராக உயர்ந்துவிட்ட போதிலும் சாதியடுக்கிற் தாழ்ந்தோராகவே கணிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு, சாதிவேறுபாட்டைக் கண்டித்த சமயம் ஒன்று ஈர்ப்புடையதாக அமைந்தது இயல்பே.

இவ்வுழவரின் மீதே முகலாயப் பேரரசின் பாரம் முழுதும் தங்கியிருந்தது. நிலத்தின் விளைச்சலிற் பெரும்பங்கு வரியாக அரசுக்குச் சென்றது. அதனைப் பெறும் உரிமை ஜாகிர்தார்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. அவர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாற்றப்பட்டனர். இன்று இருக்கும் நிலம் நாளை பிறனுக்குரியது என்னும் நிலையில், உழவனின் நலத்தைப் பேணுவதால் ஜாகிர்தாருக்கு யாதொரு பயனுமில்லை. இம்முரண்பாடே பேரரசெங்கும் உழவர் கலகங்களுக்கு வித்திட்டதென்பது, 1963இல் வெளிவந்த ஹபீப்பின் முகலாய வேளாண் அமைப்புப் பற்றிய நூலின் மையக் கருத்தாகும். மதுராப் பகுதி ஜாட் மக்களின் எழுச்சியையும் சத்னாமிகளின் எழுச்சியையும் சீக்கிய எழுச்சியையும் அவர் ஒரே வரிசையில் வைத்து நோக்கினார்.

இக்கருத்து மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. முசாபர் ஆலம் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அக்காலப் பஞ்சாப் வறுமையுற்ற நாடன்று, வேளாண்மையும் வாணிகமும் வளர்ந்துவந்த நாடே என்று காட்டி, எழுச்சியின் பின்னணியில் வளம்பெற்ற சிறு சமீன்தார்களின் பங்கினை வலியுறுத்தினார். கால்சாவின் தோற்றத்தில் ஜாட் மக்களின் வருகைக்கு மக்லியாட் 1976இல் அளித்த முதன்மையை, ஜக்ஜித் சிங் 1981இல் எழுதிய நூலில் மறுத்து, சமயக் கருத்துநிலையின் தனித்த இயக்காற்றலை முன்வைத்தார். இவ்விவாதங்கள் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. பசியினால் மாத்திரம் மக்கள் கிளர்ந்தெழுவதில்லை. உற்பத்தியில் தமக்குள்ள இடத்துக்கும், சமூகத்தில் தமக்கு மறுக்கப்படும் இடத்துக்கும் இடையேயுள்ள முரண்பாட்டை உணர்த்தும் கருத்துநிலை ஒன்று வாய்க்கும்போதே எழுச்சி அமைப்பு வடிவம் பெறுகின்றது. பஞ்சாபில் அக்கருத்துநிலையைச் சீக்கியம் வழங்கிற்று. பொருளாதார அடித்தளத்தை வலியுறுத்துவோர் சமயத்தின் இப்பங்கினைப் புறக்கணித்தல் பொருந்தாது.

1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் ஆனந்தபூரில் கால்சா அமைக்கப்பட்டமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். முதன்முதல் தலைகொடுக்க முன்வந்தோராக மரபு போற்றும் ஐவருள் ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட், ஏனைய மூவரும் நீர்சுமப்போன், நாவிதன், துணித்தொழிலாளன் ஆகிய தாழ்த்தப்பட்ட தொழிற்குலங்களைச் சார்ந்தோர். அவர்கள் ஐவரும் ஒரே கலத்திற் பருகினர் என்பது சாதியாசாரத்தின் அடிவேரிலே விழுந்த வெட்டாகும். அதனோடு, காணிக்கை திரட்டும் பணியிலிருந்து படிப்படியாகச் சிறு ஆதிக்கக்காரராக மாறிவிட்ட மசந்துகளின் பதவியைக் குரு ஒழித்தார். ‘கால்சா’ என்னும் சொல்லே ஈண்டு நோக்கற்பாலது. தூயது என்னும் பொருளுடைய அச்சொல், முகலாய வருவாய் நிருவாகத்தில் ஜாகிர்தார் எவருக்கும் வழங்கப்படாது அரசனுக்கு நேரே உரியதாக இருந்த நிலத்தைக் குறிக்க வழங்கியது. இடையாள் இன்றிக் குருவுக்கு நேரே உரியோரைக் குறிக்க அதே சொல் கையாளப்பட்டமை, நிலவரியின் மொழி மக்களின் சமயமொழிக்குள் எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இம்மாற்றத்தைச் சீக்கியருட் சிலரே ஏற்கவில்லை. சைனாபதி என்னும் புலவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ‘குர் சோபா’, கால்சாவின் புதிய விதிகளை டில்லிக் கத்ரிகள் எதிர்த்ததையும், அதனால் விளைந்த பூசலில் கடைகள் அடைக்கப்பட்டதையும் விவரிக்கின்றது. அங்கு மோதியவை இரு மதங்களல்ல. ஒரே சமயத்தினுள் நின்ற இரு சமூகப் பிரிவுகள்.

ஆனந்தபூரை முற்றுகையிட்டோரும் ஒரே மதத்தவரல்லர். ககலூர் முதலிய மலைநாடுகளின் இராசபுத்திர அரசர்களே முதலில் எதிர்த்தவர்கள். தம் நாட்டெல்லையில் ஆயுதந்தாங்கிய உழவரும் தொழில்புரிவோரும் சாதிவேறுபாடின்றித் திரண்டு தனியாட்சி போல் வாழ்வதை அவர்கள் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. தம் படைவலி போதாதபோது முகலாய ஆளுநரின் துணையை அவர்கள் வேண்டினர். இந்து அரசரும் முஸ்லிம் ஆளுநரும் ஓரணியில் நின்றமைக்குக் காரணம் நம்பிக்கையன்று. இரு சாராரும் உழவனின் மிகைவிளைச்சலில் வாழ்ந்தவர்கள் என்பதே.

4

படம் மலைநாட்டு அரசரை மறைத்துவிடவில்லை. இது அதன் நேர்மைக்குச் சான்று. குர்ஆன் மீது செய்யப்பட்ட சத்தியத்தை நம்பி ஆனந்தபூரை விட்டு வெளியேறியோர், சர்சா ஆற்றங்கரையில் தாக்கப்பட்டுச் சிதறுவதும், குடும்பம் பிரிவதும், சம்கௌர் மண்கோட்டையிற் சிலர் பெரும்படையை எதிர்ப்பதும் ஒழுங்காகத் தொடர்ந்து வருகின்றன. ஆனால் அரசர்களின் பகைமை பொறாமையாகவும் செருக்காகவும் விளக்கப்படுகின்றதேயன்றி, அதற்கு அடிப்படையான நிலவுறவு வினாவாக எழுவதில்லை. ஆனந்தபூரில் திரண்டிருந்தோர் யாவர், எவ்வூர்களிலிருந்து வந்தோர், எத்தொழிலை விட்டு வந்தோர் என்பவற்றைப் படம் விசாரிப்பதில்லை. அவர்கள் போரிடும் திரளாக மாத்திரம் காட்சியளிக்கின்றனர்.

வியப்புக்குரியது யாதெனில், படம் தன் மூலமாகக் கொண்ட மரபுக்கதையே இவ்வினாக்களுக்குரிய விடைகளைத் தன்னகத்தே பொதிந்துவைத்திருப்பதாகும். மரபிலே துரோகம் செய்வோரும் துணைநிற்போரும் யாவர் என வரிசைப்படுத்தி நோக்கினால் இது புலனாகும்.

குருவின் தாயார் மாதா குஜ்ரியையும் இளைய மைந்தரையும் காட்டிக்கொடுத்தவன் குருவின் இல்லத்துச் சமையற்காரனாகிய கங்கு என்னும் பிராமணன். சிர்ஹிந்து அவையில் குழந்தைகளைக் கொல்லுமாறு தூண்டியவன் சுச்சா நந்து என்னும் இந்து அதிகாரி. அக்கொலையைக் கண்டித்தவர் மலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான். அவர் முஸ்லிம், தாமே குருவுக்கெதிரான போரிற் பங்குகொண்டவர். சிறையிலிருந்த குழந்தைகளுக்குப் பால் கொண்டுசென்றவராகப் போற்றப்படும் மோத்தி ராம் மெஹ்ரா பணியாள் குலத்தவர். மாச்சிவாராக் காட்டிலிருந்து குருவைத் தப்புவித்தோர் நபி கான், கனி கான் என்னும் பட்டாணியர். சம்கௌரிற் குருவின் தலையணியைத் தாம் தரித்து, அவரெனத் தோன்றி மடிந்த சங்கத் சிங் தாழ்த்தப்பட்ட குலத்தவரென்று மரபு கூறும். அக்கோட்டையை விட்டு வெளியேறுமாறு குருவுக்கே கட்டளையிட்டோர் ஐந்து சாதாரண சீக்கியர். குரு அதற்குக் கீழ்ப்படிந்தார்.

இக்கதைகளுள் ஒவ்வொன்றும் ஆவணச் சான்றுடையதென யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. குரு கோவிந்த் சிங் ஔரங்கசீப்புக்குப் பாரசீகச் செய்யுளில் விடுத்த ‘சபர்நாமா’ என்னும் மடலில் மைந்தர் நால்வரின் மரணம் குறிப்பளவிலேயே இடம்பெறுகின்றது. விரிவான கதை 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் நூல்களிலும் தாடிப் பாணரின் வாய்மொழியிலும் வளர்ந்தது. ஆனால் அவ்வளர்ச்சியே நமக்கு ஆவணமாகின்றது. நூற்றாண்டுகளாக இக்கதையைச் சொல்லிவந்த உழவரும் தொழிலாளரும், நல்லோரையும் தீயோரையும் மதத்தின்படி பிரித்துவைக்கவில்லை. அவையில் அமர்ந்து அதிகாரத்தை அண்டிப் பிழைத்தோரைத் தீயோர் வரிசையிலும், பால் சுமந்தோரையும் குதிரை விற்றோரையும் நல்லோர் வரிசையிலும் அவர்கள் நிறுத்தினர். மக்களின் நினைவு தன் வர்க்க அனுபவத்தைக் கதையாக்கி வைத்திருக்கின்றது எனலாம். 1947ஆம் ஆண்டின் பிரிவினைக் கொலைகள் பஞ்சாபை மூழ்கடித்தபோது மலேர்கோட்லா முஸ்லிம்கள் தாக்கப்படாது தப்பியமைக்கு நவாப்பின் அந்தக் கண்டனம் காரணமாகச் சுட்டப்படுகின்றது. நினைவு பௌதிக ஆற்றலாக மாறுவதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

முஸ்லிம் கவிஞரான அல்லாயார் கான் யோகி, 1913இலும் 1915இலும் முறையே ‘ஷஹீதான்-ஏ-வபா’, ‘கஞ்ச்-ஏ-ஷஹீதான்’ என்னும் இரு உருதுக் கவிதைநூல்களை இம்மைந்தர் பற்றி இயற்றியமையும் இம்மரபின் விரிவையே காட்டுகின்றது.

5

குழந்தைகளின் மரணத்தோடு கதை முடிவதில்லை. குரு 1708ஆம் ஆண்டில் நாந்தேட்டில் மறைந்தார். அவரால் அனுப்பப்பட்ட பந்தா சிங் பகதூர் பஞ்சாபில் எழுச்சியைத் திரட்டி, 1710ஆம் ஆண்டு மே மாதத்தில் சப்பர்சிரிக் களத்தில் வசீர்கானை வென்று சிர்ஹிந்தைக் கைப்பற்றினார். பவேஜா 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட தொடர்படம் பந்தாவைப் பற்றியதே. ஆதலால் இரு படங்களையும் ஒருசேர நோக்கினால், குற்றமும் தண்டனையும் என்னும் அமைப்பு தோன்றுகின்றது. குழந்தைகளைக் கொன்றவன் வீழ்கின்றான், நீதி நிறைவேறுகின்றது.

வரலாற்றில் நிகழ்ந்ததோ பழிவாங்கலினும் பெரிது. பந்தாவின் ஆட்சியிற் சமீன்தார்களின் ஆதிக்கம் தகர்க்கப்பட்டு உழுவோர் நிலத்துக்குரியோராயினர் என்று சீக்கிய மரபும் பிற்கால வரலாற்றாசிரியர் பலரும் கூறுவர். இதன் அளவு பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. ஆயின் பகைவரின் எழுத்தே ஒரு சான்று. தோல் பதனிடுவோனும் துப்புரவு செய்வோனும் வீட்டை விட்டுப் புறப்பட்டுச் சென்று, சில நாட்களில் அதிகாரப் பத்திரத்தோடு தன் ஊருக்கே ஆள்வோனாகத் திரும்பினான் என்றும், உயர்குடியினர் அவன்முன் கைகட்டி நின்றனர் என்றும் முகலாயர் சார்பான வரலாற்றாசிரியர் அருவருப்புடன் எழுதிவைத்துள்ளனர். ஆளும் வர்க்கம் எதற்கு அஞ்சியது என்பதை அவ்வருவருப்பு வெளிப்படுத்துகின்றது.

இப்போர் இஸ்லாத்துக்கு எதிரானதெனக் கொள்வோருக்கு மற்றொரு சான்றும் விடையாகும். 1711ஆம் ஆண்டு ஏப்ரலில் முகலாய அரசவைக்கு எட்டிய செய்திக் குறிப்பொன்று, கலானூரில் முஸ்லிம்கள் ஐயாயிரம் பேர் பந்தாவின் படையிற் சேர்ந்திருந்தனரென்றும், அவர்களுக்குத் தொழுகைக்கான அழைப்புக்கும் தொழுகைக்கும் தடையில்லையென்றும் கூறுகின்றது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, 1710ஆம் ஆண்டு டிசம்பரில், நானக்கை வழிபடுவோரைக் கண்ட இடத்திற் கொல்லுமாறு பேரரசர் பகதூர் ஷா ஆணை பிறப்பித்திருந்தார்.

1715ஆம் ஆண்டு டிசம்பரில் குர்தாஸ் நங்கலிற் பந்தா பிடிபட்டார். கைதிகள் டில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டு நாள்தோறும் கொல்லப்பட்டனர். அப்போது அரசவையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதுக்குழுவினர் 1716ஆம் ஆண்டு மார்ச்சில் எழுதிய கடிதத்தில், கைதிகள் ஏறத்தாழ 780 பேரென்றும், அவருள் எவரும் தம் சமயத்தைக் கைவிட்டதாக அறியவில்லையென்றும் குறிப்பிட்டனர். வணிக நலனையே நாடி வந்தோரின் இக்கூற்று பக்தியின்பாற்பட்டதன்று. சிர்ஹிந்துக் குழந்தைகளின் உறுதி அவர்களுக்கு மாத்திரமே உரிய அற்புதமன்று என்பதை இது உணர்த்துகின்றது. பெயரறியப்படாத நூற்றுக்கணக்கான மனிதரும் அவ்வுறுதியுடன் மாண்டனர்.

ஆயின் அவ்வெழுச்சி எங்கே சென்றடைந்தது? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிசில்கள் எனப்பட்ட படைக்குழுக்களின் தலைவர்கள் நிலத்தின் அதிபதிகளாயினர். 1799ஆம் ஆண்டில் ரஞ்சித் சிங் லாகூரைக் கைப்பற்றினார். 1801ஆம் ஆண்டில் மகாராசாவானார். உழவரின் இயக்கம் அரசாயிற்று. இயக்கத்தின் தலைவர்கள் புதிய நிலவுடைமை வர்க்கமாயினர். ரத்தன் சிங் பங்கு 1841ஆம் ஆண்டில் நிறைவுசெய்த ‘பிராசீன் பந்த் பிரகாஷ்’ என்னும் செய்யுள் வரலாறு, சீக்கியரின் ஆட்சியுரிமை எங்கிருந்து வந்ததென ஆங்கில அதிகாரிகள் வினவிய சூழலில் உருவானது. அவ்வுரிமை குருவின் அருளால் வந்ததென்பதே அவர் விடை. ஆட்சியிலிருந்த வர்க்கத்துக்கு அதுவே ஏற்ற விடையுமாகும். தியாகக் கதை விரிவடைந்து நிலைபெற்ற காலமும் தியாகத்தின் பயனை ஒரு வர்க்கம் தனதாக்கிக்கொண்ட காலமும் ஒன்றாக இருத்தல் தற்செயலன்று.

6

இவ்வாய்வு பழங்கதை பற்றியதன்று என்பதைச் சமகால நிகழ்ச்சிகள் தெளிவாக்குகின்றன. 2020ஆம் ஆண்டு நவம்பரின் இறுதியில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப் உழவர் டில்லியின் எல்லைகளில் முகாமிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் குருமைந்தரின் நினைவுநாட்களை அவர்கள் அம்முகாம்களிலேயே அனுட்டித்தனர். ஓராண்டு நீடித்த போராட்டத்தின் பின்னர், 2021ஆம் ஆண்டு நவம்பரில் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியப் பிரதமர், இளைய மைந்தர் கொல்லப்பட்ட டிசம்பர் 26ஆம் நாள் வீரச் சிறுவர் நாளாக நாடெங்கும் அனுட்டிக்கப்படும் என அறிவித்தார். அப்பெயரை ஏற்க இயலாதெனச் சீக்கிய சமய நிறுவனங்கள் மறுத்துரைத்தன. ஒரே மரணத்தை, அரசை எதிர்த்து நின்ற உழவரும் அரசும் தத்தமக்கு உரியதாகக் கோரினர். கொன்றது மதம் என்று கூறினால் அந்நினைவு அரசுக்குப் பயன்படும். கொன்றது உழவனிடம் வரி பிழிந்த அரசதிகாரம் என்று கூறினால் அது உழவனுக்குப் பயன்படும்.

‘சார் சாஹிப்சாதே’ இவ்விரண்டில் எதனையும் வெளிப்படையாகக் கூறவில்லை. அதன் வலுவும் குறையும் அதுவே. மரபைப் பணிவுடன் பின்பற்றியமையால், மரபிலுள்ள முஸ்லிம் நண்பரையும் இந்துத் துரோகியையும் அது நீக்கிவிடவில்லை. வகுப்புவாதம் வளர்ந்துவரும் ஒரு காலத்தில் இது சிறிய பயனன்று. ஆயின் காரணங்களை வினவாது விட்டமையால், தன் கண்ணீரை எவரும் எடுத்தாளத்தக்க பொதுச்சொத்தாக அது விட்டுச்சென்றது.

இப்படம் வெளிவந்த அதே 2014ஆம் ஆண்டில், பஞ்சாபின் சங்ரூர்ப் பகுதியில் நிலமற்ற தலித் மக்கள் ‘சமீன் பிராப்தி சங்கர்ஷ்’ குழு என்னும் அமைப்பின் கீழ்த் திரண்டனர். ஊர்ப்பொதுநிலத்திற் குத்தகைக்கு விடப்படுவதில் மூன்றிலொரு பங்கு பட்டியற் சாதியினருக்கு ஒதுக்கப்படல் வேண்டுமென்பது மாநிலத்தின் சட்டம். ஆனால் பல ஊர்களில் அந்நிலம் பினாமிப் பெயர்களில் நிலவுடைமையாளரின் கையிலேயே இருந்துவந்தது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பஞ்சாபின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 வீதத்தினர் பட்டியற் சாதியினர்; இந்திய மாநிலங்களுள் இதுவே மிகவுயர்ந்த வீதம். அவர்களுட் பலர் சங்கத் சிங்கைத் தம் முன்னோராகப் போற்றுவோர். அவர்களுக்கெதிராக நிலத்தைப் பற்றிநிற்போரும் அக்குருமைந்தரையே வணங்குவோர். டிசம்பரில் பத்தேகட் சாஹிப்பில் இரு சாராரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். ஊர் திரும்பியதும் வரம்பின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றனர்.

1699இல் ஒரே கலத்திற் பருகியோரின் வழிவந்தோர் இன்று ஒரே நிலத்துக்காக மோதும் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே, சீக்கிய வரலாற்றைத் திரையில் தீட்ட முனைவோர் அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள். அதற்கு அசைவுச் சித்திரத்தின் துணை தேவைப்படாது. அக்கதையின் மாந்தர் உயிரோடு இருக்கின்றனர். அவர்களைத் திரையிற் காட்டுவதற்குச் சமயத்தடை எதுவுமில்லை. தடையாக நிற்பது நிலவுடைமையே.